கோட்டை ஸ்டேஷனை மூன்று முறை காட்டிய பெரட்டு

ஊர் சுற்றிக்காட்டுகிறேன் என்று இருபத்திரண்டு பேரைக் கடல் தாண்டி அழைத்துப்போய், அந்த ஊரின் ரயில் நிலையத்தை மட்டும் ஒரே நாளில் மூன்று முறை காட்டிய வழிகாட்டி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் பெரட்டு. விட்டிருந்தால் நான்காவது முறையும் காட்டியிருப்பார். விடாமல் தடுத்த புண்ணியவான் நான்தான்.

இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சொல்லிச் சிரிக்கவைத்து வந்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், பிரிவுபசார விழாக்களில் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை பல் டாக்டரின் வாசலில் வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது ஸ்டேஷன் வரைக்கும் வந்து நிறுத்திக்கொள்வேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதற்கப்புறம் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள், கப்பலில் வந்து இறங்கி, தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளுமாக மலையேறி வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வந்தன. அதில் ஒரு குடும்பம் பெரட்டுவும் அவர் மனைவியும். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, அதற்குமேல் யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன கோட்டு. அந்தக் கோட்டு அவரைவிட ஒரு சாண் நீளம் என்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டு மட்டும் நடந்து வருவதுபோல இருக்கும்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது அவர் வேலை. அதோடு காலையில் மணியடித்து, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வேலையும் அவரிடம் வந்து சேர்ந்தது. அதை நாங்கள் மஸ்டர் என்போம். அவர் சிலோன் தோட்டத்து வழக்கப்படி பெரட்டு என்பார். வந்த ஒரே வாரத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது. அவர் மனைவி பெரட்டம்மா ஆனார். சொந்தப் பெயர்கள் ஆபீஸ் ரிஜிஸ்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

மணியை அவர் ஒருநாளும் சரியான நேரத்துக்கு அடித்ததில்லை. ஐந்து நிமிடம் முன்னால் அடித்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"மணிக்கும் ஆளுக்கும் நடுவுல மலை இருக்குதுங்களே ஐயா. சத்தம் ஏறி எறங்கிப் போவணுமுல்ல?"

அந்த மணியை நம்பி எங்கள் ஊரே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. அதனால் கூடலூர் பஸ் நடுவட்டத்துக்கு மட்டும் தினமும் ஐந்து நிமிடம் தாமதமாக வருகிறது என்று ஒரு கெட்ட பெயர் கிளம்பி, கண்டக்டர் பாவம், பார்க்கிறவர்களிடமெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

பெரட்டில் அவர் வைத்தது சட்டம். பெயரைக் கூப்பிடுவார். "வந்தேன்" என்று குரல் வந்தால் முழுப்பேர். அதாவது முழுநாள் வேலை. மூச்சிரைக்க ஓடி வந்து பின்னால் நின்றால் அரைப்பேர். அரைநாள்தான். ஒரு ஆளை ஒருமுறைதான் கூப்பிடுவார். இரண்டாம் முறை கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. இந்தச் சட்டத்தை அவர் தேயிலைக் காட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம். எங்கள் ஃபாக்டரி டீமேக்கர் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். விருந்தாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டே உட்காரவைத்தார். எஸ்டேட் மேனேஜர் கடைசிப் பந்திக்கு வந்தார். பெரட்டு அவர் முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"தொரை மன்னிக்கணும். பிந்தி வந்திருக்கீங்க. அரைப்பேருதான். பாயாசம் கெடையாதுங்க."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பாயசம் இல்லாமலே சாப்பிட்டுப் போனார். உண்மையிலேயே பாயசம் தீர்ந்துபோயிருந்தது என்பது டீமேக்கருக்கே சாயங்காலம்தான் தெரிந்தது.

இனி கொழும்புக்கு வருகிறேன். சிலோனிலிருந்து யார் வந்தாலும் எங்கள் பக்கத்தில் கொழும்புக்காரர் என்றுதான் சொல்வோம். பெரட்டு வந்த புதிதில், "கொழும்பு இல்லீங்க, மலையில, அட்டன் டவுனுக்கும் மேல, தோட்டம்" என்று திருத்திப் பார்த்தார். யார் கேட்டார்கள்? "கொழும்புல கடல் எப்படி இருக்கும்?" "கொழும்புல மாடி பஸ் ஓடுமாமே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு வருடம் இல்லையென்று சொன்னவர், இரண்டாம் வருடம் பேசாமல் இருந்தார், மூன்றாம் வருடம் "ஓடுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாலாம் வருடம் அந்த மாடி பஸ்ஸுக்கு மூன்று மாடி இருந்தது. அவர் பொய் சொல்கிற மனிதர் அல்ல. நாங்கள்தான் விடாமல் கேட்டுக் கேட்டு அவரைக் கொழும்புக்காரர் ஆக்கினோம்.

எங்கள் ஸ்டாஃப் கிளப்பில் வருடத்துக்கு ஒரு டூர் உண்டு. அந்த வருடம் டூர் செக்ரட்டரி நான். டீமேக்கரின் சம்சாரம் சரசக்கா மீட்டிங்கிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க செக்ரட்டரி, மைசூரையே எத்தன தடவைங்க பாக்கறது? அந்த அரமனைல தூண் எத்தனைன்னு எனக்கே மனப்பாடமுங்க. ஒருக்கா கப்பல்ல போற மாதிரி ஒரு ஊருக்குப் போலாமுங்க. ராமேசுரத்துல ஏறுனா அக்கட்டால சிலோனுங்கறாங்க. நம்ம பெரட்டண்ணன் கொழும்புக்காரருதானுங்களே, அவரே சுத்திக் காட்டிருவாரு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெரட்டுவின் செலவைக் கிளப் ஏற்பது, பதிலுக்கு அவர் கைடாக வருவது என்று முடிவாயிற்று.

நான் செக்ரட்டரி ஆனதும் முதலில் செய்த காரியம் விதிமுறைகள் எழுதியது. மொத்தம் பதினொன்று. டைப் அடித்து, கார்பன் வைத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். அதில் ஏழாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. "சுற்றுலா நேரத்தில் உறவினரைப் பார்ப்பது முதலிய சொந்தக் காரியங்களுக்கு இடமில்லை. மீறுபவர் அடுத்த சுற்றுலாக்களில் சேர்க்கப்படமாட்டார்." அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் மைசூரில் ஸ்டோர்கீப்பர் அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய், அத்தை வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரும்வரை முப்பது பேர் பஸ்ஸில் வெந்துகொண்டிருந்தோம்.

பெரட்டுவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அதனால் பதினொரு விதிகளையும் நானே வாசித்துக் காட்டினேன். ஏழாவதை இரண்டு முறை வாசித்தேன், அதன் அழகுக்காக. கைகட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கோட்டை ஸ்டேசனுக்குப் போவமுங்களா ஐயா?"

"ரயில் அங்கதான நிக்கும்!"

"அப்ப சரிங்க."

அவர் மகள் பாக்கியம் சிலோனில், அட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தாள். ஒப்பந்தத்தில் பெரட்டுவுக்கும் மனைவிக்கும் இந்தியா விழுந்தது. மகளுக்கு, கட்டிக்கொண்டவன் வீட்டோடு, சிலோன் விழுந்தது. அவளைப் பார்த்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டு வயதாகியிருந்தது. அந்தக் குழந்தையை இவர்கள் பார்த்ததே இல்லை. டூர் முடிவானதும் பெரட்டு, நடுவட்டம் கடைத்தெருத் தையல்காரரை விட்டு மகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார். இன்ன தேதியில் கொழும்புக்கு வருகிறேன், கோட்டை ஸ்டேஷனுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்று. வேறு இடம் சொல்ல அவருக்குக் கொழும்பில் எந்த இடமும் தெரியாது. அந்த ஸ்டேஷன் பெயர்கூட யாரோ சொல்லிக் கேட்டதுதான்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது. நீங்கள் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள். எங்களைப்போல நீங்களும் சிரித்துவைத்துவிட்டுப் பிறகு சங்கடப்பட வேண்டாம்.

தலைமன்னாரில் கப்பலைவிட்டு இறங்கியதும் சுங்கச் சோதனை. பெரட்டு கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. ராமேஸ்வரத்திலிருந்து அதைக் கீழே வைக்கவே இல்லை. அதிகாரி திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சின்னஞ்சிறு கம்பளிச் சட்டை, சிவப்பு நூலும் வெள்ளை நூலும் கலந்து பின்னியது. கூடவே ஒரு குல்லாய்.

"வேர்த்து ஊத்துற ஊருக்குக் கம்பளியா? இது யாருக்குப் பெரியவரே?"

பெரட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விதிமுறைத் தாளைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்குத்தாங்க" என்றார்.

அதிகாரி அந்தச் சட்டையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். கோட்டின் மேல்பையைக்கூட அது மறைக்கவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான். குளிருக்குப் பயந்து நெஞ்சுக்குழிக்கு மட்டும் தனியாகச் சட்டை தைத்திருக்கிறார் என்று டீமேக்கர் சொன்ன ஜோக்கை நான் பல வருடங்கள் என் ஜோக்காகவே சொல்லிவந்தேன்.

மறுநாள் காலை கோட்டை ஸ்டேஷன். இறங்கியதும் பெரட்டு பிளாட்பாரத்திலேயே எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தினார். பெயர் கூப்பிட்டார். "வந்தேன்", "வந்தேன்" என்று இருபத்தொரு குரல்கள். கொழும்புக்காரர்கள் ஏதோ பட்டாளம் வந்திருக்கிறது என்று ஒதுங்கிப் போனார்கள். பல் துலக்கப் போய்விட்டு வந்த ஸ்டோர்கீப்பருக்கு அரைப்பேர் கிடைத்தது.

பிறகு ஸ்டேஷனைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். இது டிக்கெட் கொடுக்கிற இடம். இது டிக்கெட் வாங்குகிற இடம். இது கூரை. இதுதான் கடிகாரம், இங்கிலாந்துத் துரை கொண்டுவந்து மாட்டியது. இப்படி ஒரு மணி நேரம். நடுநடுவே போர்ட்டர்களிடம் போய், "அட்டன் கோச்சி எப்ப வரும்?" என்று விசாரித்துக்கொண்டார். அந்த ஊரில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். கைடு என்றால் எல்லா விவரமும் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று நான் மெச்சிக்கொண்டேன்.

வாசலில் வாடகை பஸ் நின்றது. சிங்கள டிரைவர், அரைகுறைத் தமிழ். முதலில் காலிமுகத்திடல் கடற்கரை. கடலைப் பார்த்ததும் சரசக்கா, "எவ்வளவு அகலமுங்க பெரட்டண்ணா?" என்று கேட்டார். பெரட்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நம்ம எஸ்டேட்டு அஞ்சாம் நம்பர் மலையிலேருந்து பன்னெண்டாம் நம்பர் மலை வரைக்கும் வருமுங்க."

அடுத்து மியூசியம். "பெரிய தொரை பங்களா" என்று அறிவித்தார். உள்ளே இருந்த சிம்மாசனம் துரை உட்காருகிற நாற்காலி. பூங்காவில் இருந்த சிலை, கொழும்பைக் கட்டிய துரை. ஒரு கோயிலுக்குப் போனோம், அதன் கோபுரத்தையும் ஏதோ ஒரு துரைதான் கட்டிக்கொடுத்தார். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். எங்கள் கூட்டமும் சிரித்தது. பெரட்டு மட்டும் சிரிக்கவில்லை. பதினொன்றரை மணிக்கு முன்சீட்டிலிருந்து திரும்பி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒருக்கா ஸ்டேசனப் பாத்திட்டுப் போயிருவமா ஐயா?"

"காலையிலதான பார்த்தோம்?"

"பகல்ல பாத்தா வேற மாதிரி இருக்குமுங்க."

போனோம். அதே கூரை. அதே கடிகாரம். பெரட்டு எங்களை வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். கால் மணி நேரம் கழித்து வந்து, "பாத்தீங்களா, வேற மாதிரி இல்ல?" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி. மணி இரண்டே கால். டிரைவரே கையெடுத்துக் கும்பிட்டார். "மாத்தயா, ஐயா, ஸ்டேஷன் திரும்பவுமா?"

இந்த மூன்றாம் முறை பெரட்டு பஸ்ஸில் ஏறவில்லை. படியருகில் நின்றார். கையில் அதே மஞ்சள் பை.

"ஐயா, கால் வலிக்குதுங்க. நான் இங்கனயே குந்தியிருக்கட்டுங்களா? நீங்கெல்லாம் பாத்திட்டு வாங்க."

"கைடு இல்லாம நாங்க எப்படிங்க போறது? இருபத்துமூணு பாஸ்போர்ட்டும் ஒரே பையில, எங்கிட்ட இருக்கு. தனியா உங்கள யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க? ஏறுங்க."

ஏறிக்கொண்டார். ஆயுள் முழுக்க 'ஐயா' சொன்னால் ஏறி, 'ஐயா' சொன்னால் இறங்கி வாழ்ந்தவர். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தக் குரலில் சொன்னேன்.

சரசக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, பெரட்டண்ணன் மூஞ்சியே சரியில்லீங்க. காலைல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. என்ன ஏதுன்னு கேளுங்க."

"கேட்டா இன்னொரு தடவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாருங்க" என்றேன். என் பின்சீட்டு முழுக்கச் சிரிப்பு.

அடுத்து கடைத்தெரு. ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். சேலை, சோப்பு, பிளாஸ்க், டார்ச் லைட் என்று ஆளாளுக்கு அள்ளினார்கள். நாலே காலுக்கு எல்லோரையும் பஸ்ஸுக்கு விரட்டினேன். டைம்டேபிளின் சிகரம் அடுத்துதான். தெஹிவளை மிருகக்காட்சிசாலை, மாலை யானை நடனம். அதற்காகவே பாதிப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பெரட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. ஒருக்கா, ஒரே ஒருக்கா ஸ்டேசன..."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இருபது பேர் காதில் விழும்படி கத்தினேன்.

"பெரட்டு, ஸ்டேஷனத் தவிர இந்த ஊர்ல உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு ஒத்துக்குங்க!"

அவர் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஆமாங்கையா. தெரியாதுங்க. கொழும்ப நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பஸ்ஸே அதிர்ந்தது. நான் அடக்க முடியாமல் சிரித்தேன். டிரைவருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் ஹாரன் அடித்துச் சிரித்தார். கதையை நான் வழக்கமாக நிறுத்துகிற இடம் இதுதான்.

யானைகள் ஆடின. நன்றாகத்தான் ஆடின. கைதட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, பெரட்டு மட்டும் யானைக்கு முதுகைக் காட்டி, நுழைவாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

தலைமன்னார் ரயிலுக்காக நாங்கள் மறுபடி கோட்டை ஸ்டேஷனுக்கு வந்தபோது ஆறே முக்கால். பஸ் நிற்பதற்குள் பெரட்டு குதித்து உள்ளே ஓடினார். நான் டிக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கடிகாரத்துக்குக் கீழே ஒரு போர்ட்டர் அவரைத் தடுத்து நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். கையில் வாழையிலையில் கட்டிய ஒரு பொட்டலம்.

"காலையிலேருந்து அட்டன் கோச்சியக் கேட்டுக்கிட்டிருந்தது நீங்கதானே? பாதையில மண்ணு சரிஞ்சு கோச்சி மூணு மணிக்குப் பொறகுதான் வந்திச்சு. ஒரு புள்ள, இடுப்புல ஒரு சின்னப்புள்ள. இந்தத் தூண்கிட்டதான் உக்காந்திருந்திச்சு. ஆறு மணி வரைக்கும் இருந்திச்சு. அதவிட்டா மலைக்குத் திரும்ப வேற கோச்சி இல்ல. விடிஞ்சா பெரட்டாம், போகாட்டிப் பேரு இல்லையாம். அழுதிட்டே ஏறிப் போயிருச்சு. இதக் குடுக்கச் சொன்னிச்சு."

மூன்று மணிக்குப் பிறகு. நாலே காலுக்கு நான் கடைத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, இரண்டு தெரு தள்ளி அவள் அந்தத் தூணருகில் உட்கார்ந்திருந்தாள். அவர் நடந்தே போயிருக்கலாம். யானை ஆடிய நேரத்தை மட்டும் அவருக்கு விட்டிருந்தால் போதும்.

"யாருங்க அது?" என்று கேட்டேன், கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"மகங்கையா" என்றார். பொம்பளைப் பிள்ளையையும் அவர்கள் பக்கத்தில் மகன் என்று கொஞ்சுவார்கள். "ஏழாவது விதியில எடமில்லைன்னு சொன்னீங்க. அதான் சொல்லல. சொன்னா வேற ஆளக் கூட்டிட்டுப் போயிருவீங்களோன்னு..."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அந்தப் பொட்டலத்தை என் முகத்தில் எறிந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. பிளாட்பாரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்ததும், பெரட்டுக்கு நிற்கச் சொன்னார். இரண்டு வரிசை. பொட்டலத்தைப் பிரித்தார். தேங்காய் போட்டுச் சுட்ட தோட்டத்து ரொட்டி, நாலு. கூடவே இடித்த மிளகாய்ச் சம்பல். அதைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, "வந்தேன்" என்றவர் கையில் ஒரு துண்டு வைத்தார். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. பசி. வாங்கித் தின்றார்கள். உறைக்குது, நல்லா இருக்குதுங்க என்றார்கள். சரசக்கா மட்டும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

கடைசியாக, "செக்கட்டரி ஐயா" என்று கூப்பிட்டார்.

எல்லோருக்கும் பின்னால், அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயர் கூப்பிட்டு ஆள் பேசாவிட்டால் அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார் என்பது ஊருக்கே தெரியும். ரொட்டித் துண்டை நீட்டியபடி காத்திருந்தார். பிறகு இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"செக்கட்டரி ஐயா."

"வந்தேன்" என்றேன். முன்னால் போய்க் கை நீட்டினேன்.

நடுவட்டத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது பெரட்டம்மா வந்து நின்றிருந்தார். கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். மஞ்சள் பை போனபடியே புடைத்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த வருடம் எப்படியாவது அவரை மட்டுமாவது அனுப்பிவைப்பது என்று எனக்குள் சபதம் செய்துகொண்டேன். ஏழாவது விதியை அடித்துவிட்டு, அப்படி ஒரு விதியே இல்லாததுபோலப் புதுத் தாள் டைப் அடித்தேன். அடுத்த வருடம் ஏதோ தடை. அதற்கடுத்த வருடம் வேறு ஏதோ. அப்புறம் அந்தப் பக்கம் என்னென்னவோ நடந்தது, கப்பலும் நின்றுபோனது. பாக்கியத்தின் கடிதங்கள் முதலில் குறைந்தன, பிறகு வரவே இல்லை. மகளையும் பேத்தியையும் அவர் பார்க்கவே இல்லை. அவருக்கு வாய்த்தது அந்த ஒரே ஒரு நாள். அதையும் நான் யானைக்குக் கொடுத்துவிட்டேன்.

இதற்குப் பிறகும் அவர் என்னிடம் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. ஆபீஸ் ஜன்னலில் எட்டி, "ஐயா, சொகமா?" என்பார். எனக்குப் பெண் பிறந்தபோது பெரட்டம்மா வீடு தேடி வந்தார். கையில் அதே மஞ்சள் பை. நான் வேண்டாம் என்று பதறினேன்.

"கம்பளி சும்மா இருந்தா பூச்சி அரிச்சிருமுங்க ஐயா. நடுவட்டத்துக் குளுரு புள்ளைக்கு ஆகாது. அவருதான் குடுத்திட்டு வரச்சொன்னாரு."

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பின்னியது. என் மகளுக்கு அது சரியாகப் பொருந்தும்வரை வைத்திருந்து, ஒரே ஒரு குளிர்காலம் போட்டுவிட்டோம். அவள் அதைப் போட்டுக்கொண்டு லைன் பக்கம் போனால், பெரட்டு கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தூக்கிக்கொள்வார். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

பிறகு எனக்குக் கோத்தகிரிப் பக்கம் வேலை மாறியது. பெரட்டு போய்விட்டார் என்று சரசக்கா ஆள் விட்டுச் சொல்லியனுப்பிய அன்று, மூன்று பஸ் மாறி, மழையில் ஊட்டியில் ஒன்றைத் தவறவிட்டு, நான் நடுவட்டம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். லைன் வாசலில் பெரட்டம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். அந்த நீளக் கோட்டு கொடியில் தொங்கியது.

"பிந்திட்டேனுங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? "இன்னைக்கும் பிந்திட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லிப் பலகையை நகர்த்திப்போட்டார்.

"நேத்து ராத்திரி ஒங்களத்தான் கேட்டாரு. செக்கட்டரி ஐயா வருவாரு, வர நேரமாகும், நடுவுல மலை இருக்குதுன்னாரு. வந்தா முழுப்பேரே போடச் சொன்னாருங்க."